கிடங்குக்காரர் மாற்றிச் சொன்னவை

பக்கவாதம் வந்த பன்னிரண்டாம் நாள், கிடங்குக்காரர் தண்ணீர் கேட்க வாயைத் திறந்து "சாவி" என்றார். தலைமாட்டில் இருந்த தம்ளரின் தண்ணீர் அந்தக் கணமே இல்லாமல் போய், அடியில் ஒரு சாவி கிடந்தது. எந்தப் பூட்டுக்கும் அது சேரவில்லை.

அவர் நூற்பாலையின் உதிரிபாகக் கிடங்கை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவர். நாலாயிரம் சாமான்களின் பெயரையும் அலமாரி எண்ணையும் ஏட்டைப் புரட்டாமல் சொல்லக்கூடியவர். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் போகாமல் கோலிக்குண்டு அளவு இடம் செத்துப்போயிருப்பதாக மருத்துவர் படம் காட்டினார். "அறிவுக்கு ஒண்ணும் ஆகலம்மா. நினைக்கிறதைச் சரியாத்தான் நினைக்கிறாரு. வார்த்தையைத்தான் மாத்தி எடுக்கிறாரு." சாவியைப் பற்றி மனைவி மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டால் தன்னையும் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு விஷயம் தெளிவாயிற்று. சொன்னது வரும்; நினைத்தது போகும். மூக்குக்கண்ணாடியை நினைத்து "ஆணி" என்றார். ஜன்னல் விளிம்பில் ஆணி இருந்தது, கண்ணாடி இல்லை. விளக்கை நினைத்து "சோப்பு" என்றார். கூடம் இருண்டு, மேலே கம்பியில் ஒரு சோப்புக்கட்டி தொங்கியது. மூன்றாம் நாள் எப்படியோ "விளக்கு" என்ற சொல் சரியாக வந்துவிட, விளக்கும் திரும்பி வந்தது. கண்ணாடி வரவே இல்லை.

மனைவியின் தம்பி அதே ஆலையில் ஃபிட்டர். "மாமா, ஒரு மோட்டாருக்குப் பேரிங் கிடைக்காம அலையிறேன். கொஞ்சம் தப்பாச் சொல்லுங்களேன்" என்றான்.

"விளையாட்டா இருக்காடா உனக்கு? நாளைக்கு உன்னை நினைச்சு அவர் தப்பாச் சொல்லட்டும், அப்பத் தெரியும்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவன் வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அவர் கூப்பிடுவது அவளைத்தானே. அன்றே கிடங்கின் வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்: சீட்டு இல்லாமல் சாமான் இல்லை. தண்ணீர், சோறு, போர்வை, கழிப்பறை என்று அட்டைகளில் படம் வரைந்து, அவருக்குப் பிடிக்குமென்று மூலையில் எண்ணும் போட்டாள். அவர் இடது கையால் தொட்டுக்காட்ட வேண்டியதுதான். தனக்கு மட்டும் அவள் அட்டை போடவில்லை. அவர் வாயைத் திறந்தால் உள்ளங்கையால் பொத்தினாள். இப்படி ஒரு வருடம். வீட்டில் ஒரு துரும்பும் காணாமல் போகவில்லை.

ஆனால் அவருக்குத் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தவை ஒன்று முதல் பத்து வரையிலான எண்களும், ஆலை வாசலில் பழகிய ஒரு கெட்ட வார்த்தையும்தான். வருடக் கடைசியில் பத்து, ஏழாகியிருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "அவரைப் பேச விடலைன்னா இதுவும் போயிடும்க்கா. அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல" என்றாள். மனைவி நாலு நாள் தூங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரிசி எங்கே, மாத்திரை எப்போது என்று எல்லாவற்றையும் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "என்னைக் கூப்பிடுங்க."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் முகத்தில் இருந்ததைவிட அவர் முகத்தில் பயம் அதிகம். இடது கை அட்டைகளைக் கலைத்துக் கலைத்துத் தேடியது. அவளுக்கான அட்டைதான் இல்லையே. ஒரு மணி நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு, "குடை" என்றார். நாற்காலியில் ஒரு கறுப்புக் குடை சாய்ந்திருந்தது.

தம்பி வாசற்படியைத் தாண்டி வந்து அங்கேயே தங்கிவிட்டான். பயிற்சிக்காரப் பெண் தினமும் வந்தாள். கிடங்குக்காரர் காலை முதல் மாலை வரை மனைவியின் பெயரைத் தேடினார். குடை ஏணியாயிற்று, ஏணி உப்புப் பொட்டலமாயிற்று, உப்பு ஒரு பல்சக்கரமாயிற்று. நாற்காலிக்கு வந்த எதன்மேலும் யார் கையும் படாமல் தம்பி பார்த்துக்கொண்டான். எதில் அக்கா இருக்கிறாள் என்று யார் கண்டது? தொண்ணூற்று மூன்றாம் நாள், குழறலாக, ஆனால் முழுதாக, அவள் பெயர் வந்தது. நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் தூசி. கை ஐஸாக இருந்தது.

"எல்லாம் உள்ள இருக்குடா" என்றாள் தம்பியிடம். "ஒண்ணுகூடத் தொலையல. நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்கு. கதவுதான் திறக்க மாட்டேங்குது. இவர் வெளியே நின்னு இடிச்சுக்கிட்டே இருந்தாரு. ராத்திரி பகலா அந்தச் சத்தம்தான்."

"கண்ணாடி?"

"அதுவும் இருக்கு. எடுக்கத்தான் முடியல."

இப்போது அவருக்கு நாற்பது சொற்கள் சரியாக வருகின்றன. அவள் பெயர் மாதத்தில் இரண்டு முறையாவது தவறுகிறது. நாற்காலியில் வாளியோ சுத்தியலோ இருப்பதைப் பார்த்தால், "கூப்பிட்டுட்டாரா?" என்று கேட்டுவிட்டு அக்கம்பக்கத்தார் போகிறார்கள். சில சமயம் சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறாள். ஒரு தடவை ஒன்பது நாளாயிற்று. அதனால் தினமும் காலையில் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் எதிரில் உட்காருகிறாள். உள்ளே குளிர் அதிகமாம்.