முப்பத்தொரு நாய்களுக்கான அனுமதி

மீட்டருக்கும் நாய்களுக்கும் ஜென்மப் பகை. முப்பத்துநாலு வருடம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டில் எத்தனை யூனிட் என்பது மறந்துவிட்டது. எந்த வீட்டு நாய் எந்தக் காலைப் பிடித்தது என்பது மட்டும் அச்சடித்த மாதிரி நினைவிருக்கிறது. இடது கெண்டைக்காலில் சதையைவிடப் பல்தடமே அதிகம்.

அப்பேர்ப்பட்ட மனிதர் "தெருநாய்களுக்கு உணவளிக்கும் தன்னார்வலர்" என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தார் என்றால், அதற்குக் காரணம் எதிரே பாதியில் நின்ற ஏழு மாடிக் கட்டடம்.

ஊரடங்கு வந்ததும் அதற்குள் முப்பத்தொரு வெளிமாநிலத் தொழிலாளிகள் மாட்டிக்கொண்டார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை. "சாயங்காலம் அரிசி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போன காண்ட்ராக்டருக்கு இன்னும் சாயங்காலமே ஆகவில்லை. போனையும் அணைத்துவிட்டார். தன் வீட்டு மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து மீட்டர் பார்த்தார். சுவருக்கு ஊற்ற வைத்திருந்த தொட்டித் தண்ணீரை டம்ளரில் மொண்டு, சூடான டீ மாதிரி உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார்கள். சாப்பாட்டு நேரம் என்று ஒன்றைக் கடத்தியாக வேண்டுமே.

"நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா அவங்க வயிறு நிறையுமா?" என்றாள் வீட்டுக்காரி.

மீட்டர் ஒரு பாத்திரம் சோற்றோடு இறங்கினார். தெருமுனைப் போலீஸ்காரர் லத்தியைக் காட்டிய வேகத்தில், அறுபத்தாறு வயதுக்காரர் மூன்று மாடியை மூன்றே எட்டில் ஏறினார்.

"பாஸ் வேணுமாம்டீ."

அவள் போனைத் தேய்த்தாள். மனிதருக்குச் சோறு போட ஒரு விண்ணப்பம் இருந்தது. சாப்பிடுகிறவரின் முகவரிச் சான்று, முதலாளியின் கையெழுத்து, ரெண்டு புகைப்படம். சாப்பிடும்போது எடுத்ததா, சாப்பிடாதபோது எடுத்ததா என்று மட்டும்தான் கேட்கவில்லை.

"இதைப் பாருங்க. நாய்க்கும் ஒண்ணு இருக்கு. ஒரே கேள்விதான், எத்தனை நாய்னு."

மீட்டர் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார். "முப்பத்தொண்ணுன்னு போடு."

பத்தே நிமிடத்தில் பாஸ் வந்தது. "யோசனை என்னோடது, அடுப்பு உங்களோடது" என்று அவள் கரண்டியைக் கையில் கொடுத்தாள். ஆயுளில் வெந்நீர்கூட வைத்திராதவர் கஞ்சி காய்ச்சினார். அதைச் சுவரில் பூசியிருந்தால் கட்டடமே எழுந்து நின்றிருக்கும். ஆனாலும் ஒன்பது நாள் சொட்டு மிச்சமில்லாமல் காலியானது.

பத்தாம் நாள், கட்டட வாசலில் பாத்திரத்தை இறக்கும்போது ஒரு வேன் வந்து நின்றது. கால்நடை டாக்டரம்மா ஐஸ் பெட்டியோடு இறங்கினாள்.

"மொத்த நகரத்துலயும் உங்க தெருவுலதான் நாய் அதிகம். முப்பத்தொண்ணுக்கும் தடுப்பூசி போடணும். எங்க அதுங்க?"

பாஸ் போனால் நாளைக்கு அத்தனை பேரும் தொட்டித் தண்ணீர்தான்.

"மதியத் தூக்கத்துல இருக்கும்மா."

"எல்லாமேவா?"

"ஒத்துமையான நாய்ங்கம்மா."

அந்த நேரம் பார்த்து, தமிழ் தெரிந்த அவர்களுடைய மேஸ்திரி தட்டும் கையுமாக வெளியே வந்தார், பின்னாலேயே மற்றவர்களும். "மீட்டர் சார், கஞ்சி வந்துடுச்சா?"

டாக்டரம்மா தட்டுகளைப் பார்த்தாள். மேஸ்திரி மீட்டரின் கழுத்தில் தொங்கிய அட்டையை முதல்முறையாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நாயா?"

மீட்டர் அட்டையைச் சட்டைக்குள் தள்ளினார். "மனுஷனுக்குன்னா முகவரிச் சான்று கேக்கிறாங்கப்பா. நாய்க்குக் கேக்கல. அதான்..."

மேஸ்திரி திரும்பித் தம் ஆட்களிடம் அவர்கள் பாஷையில் சொன்னார். பிறகு பின்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அது தொற்றிக்கொண்டு, நோயைவிட வேகமாக ஏழு மாடியும் பரவியது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"சரி சார், நாயாவே இருந்துட்டுப் போறோம். ஆனா இந்தக் கஞ்சியை நெஜ நாய் திங்குமா? ஒன்பது நாளா சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம். அரிசியைக் குடுங்க, நாங்களே பொங்கிக்கிறோம்."

"பாஸ்ல 'சமைத்த உணவு'ன்னு போட்டிருக்கு. மூட்டை எடுத்துட்டுப் போனா போலீஸ் விடாது" என்றாள் டாக்டரம்மா. பேனாவைத் திறந்தாள். "மாத்தணும்னா நான் ஆய்வு பண்ணி எழுதணும். மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. கடிக்குமா?"

"காண்ட்ராக்டர் கிடைச்சா."

"தூண்டினால் மட்டும்" என்று எழுதினாள். "கருத்தடை ஆயிடுச்சா?"

"ரெண்டு புள்ளைக்கப்புறம் பொண்டாட்டி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயி..."

"போதும், போதும். பசி எப்படி?"

இதற்கு யாரும் வேடிக்கையாகப் பதில் சொல்லவில்லை. "பசிக்குது" என்றான் ஒருவன். அவள் அதை மெதுவாக, கோணாமல் எழுதினாள். அதன் கீழே பரிந்துரை: செரிமான நலன் கருதி இனிமேல் அரிசி, பருப்பு, வெங்காயம், எண்ணெய், உப்பு, பச்சை மிளகாய்.

"அப்ப ஊசி?" என்று மீட்டர் கேட்டதும் முப்பத்தொரு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் ஐஸ் பெட்டியை வேனுக்குள் தள்ளினாள்.

மறுநாள் தெருமுனையில் போலீஸ்காரர் மூட்டையைக் குடைந்தார். "யோவ், நாய் பச்சை மிளகா திங்குமா?"

"கடிக்கிற நாய்க்கு அதான் சார் பத்தியம். கையெழுத்தைப் பாருங்க."

மதியம் கட்டடத்திலிருந்து புகை எழுந்தது. கூடவே தாளித்த வாசனை மூன்றாம் மாடிக்கு ஏறி, கேட்காமல் கொள்ளாமல் சமையலறைக்குள் நுழைந்தது. வீட்டுக்காரி தன் குழம்பை ஒருமுறை பார்த்தாள், கணவனை ஒருமுறை பார்த்தாள், ஒரு தூக்குப் பாத்திரத்தை நீட்டினாள்.

"கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வாங்க."

மீட்டர் ஓடினார். நேராக அடுப்பருகே போய்ப் பாத்திரத்தை நீட்டியவரை மேஸ்திரி கரண்டியால் தடுத்தார்.

"சார், வரிசை அங்கிருந்து ஆரம்பிக்குது."