ஒரு உத்தரணி தண்ணீர்

துளசிமாடத்தில் மண் சொதசொதவென்று கிடந்தது. சித்திரை வெயில் காலை பதினொரு மணிக்கே கொல்லையைப் பொசுக்கிக்கொண்டிருக்க, துளசிக்கு மட்டும் இவ்வளவு தண்ணீர் யார் ஊற்றியது? கோமு இன்னும் ஊற்றவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள். முழு விரலும் உள்ளே போயிற்று. மாடத்து விளிம்பில் அவள் புருஷனுடைய வெள்ளி டம்ளர் ஈரம் காயாமல் கவிழ்ந்திருந்தது.

காலையிலிருந்து "குடிச்சாச்சு, குடிச்சாச்சு" என்று அவர் காலி செய்த டம்ளர் எல்லாம் துளசிக்குத்தான் போயிருக்கிறது. அட பாவி மனுஷா! கோமுவுக்குக் கோபத்தில் காது சுட்டது. அதற்கு அடியிலேயே பயம் குளிர்ந்தது.

புருஷன் வெங்கடசுப்பிரமணியன் ஆழ்வார்குறிச்சியில் கணக்கு வாத்தியார். நூற்று முப்பத்தொரு கிலோ. சர்க்கரை ஏறி, முழங்கால் தேய்ந்து, போர்டில் ஒரு கணக்கு முடிப்பதற்குள் நாற்காலியைத் தேடுகிற நிலைமை வந்த பிறகுதான் மனிதர் இறங்கி வந்து, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். பன்னிரண்டு நாள் ஆயிற்று. தையல் ஆறிவிட்டது, காய்ச்சல் இல்லை. தண்ணீர்தான் இறங்க மாட்டேன் என்கிறது. மூன்று நாளாக உதடு வெடித்து, எழுந்தால் தலை சுற்றி, இன்று காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது.

அதைக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் இசக்கியம்மா காலையில் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "இன்னிக்கு நாலு மணிக்குள்ள இருநூறு மில்லியாவது சார் வயித்துல தங்கணும்மா. தங்கலைன்னா யோசிக்காம கூட்டிட்டு வந்துருங்க. கிட்னி கெட்டுப்போச்சுன்னா பெறகு அழுது பிரயோஜனமில்ல."

கோமு உடனே தாணுமாலையனின் வாடகைக் காரை நாலு மணிக்கு வாசலில் நிற்கச் சொல்லிவிட்டாள். அவரோ கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வரவே மாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரனை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனதை அவர் பார்த்திருந்தார். போனவன் அந்தப் படுக்கைக்குத் திரும்பவில்லை.

ஈர டம்ளரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஏன்னா, துளசிக்கா ஆபரேஷன் பண்ணியிருக்கு?"

அவர் சுவரைப் பார்த்தார். "முடியலைடி கோமு. ஒரு மடக்கு உள்ள போனா நெஞ்சுல கல்லு வந்து நிக்கறது. தண்ணியப் பார்த்தாலே பயமாயிருக்கு."

"என் முன்னால குடியுங்கோ. பார்க்கறேன்."

இருநூறு மில்லியை அளந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணாந்து, டம்ளரை ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கினார். நூல் மாதிரித் தண்ணீர் இறங்கியது. மடக் என்று ஒரு சத்தம். தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. இன்னொரு மடக். அவ்வளவுதான், முகம் கோணி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நெற்றியில் வேர்வை பொடித்தது. போனது போன வழியே நுரையாகத் திரும்பி வந்தது.

துடைத்துவிட்டுக் கோமு நர்ஸைக் கூப்பிட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பர் போயிற்று.

"எப்படிம்மா குடிக்காவ?" என்றாள் இசக்கியம்மா.

"நீங்க சொன்னாப்பலதான். பையத்தான் குடிக்கறார். நன்னாத் தூக்கிண்டு, நூல் மாதிரி விட்டுண்டு..."

இசக்கியம்மா இடைமறித்தாள். "தூக்கியா? அண்ணாந்தா குடிக்காவ?"

"எங்காத்துல எல்லாரும் அப்படித்தானே..."

"அய்யோ, எங்கம்மா! பையன்னா வாய் வச்சுப் பைய உறிஞ்சணும்லா! அண்ணாந்து விட்டா தண்ணியவிடக் காத்துதான் நெறைய உள்ள போகும். இருக்கது வாழைப்பழம் தண்டிக்கு ஒரு வயிறு. அதுல காத்தை அடைச்சா உயிர் போற வலி வலிக்காதா? வாய் வச்சுக் குடிக்கச் சொல்லுங்க. மூணு நிமிசத்துக்கு ஒரு சின்ன வாய், அம்புட்டுத்தான்."

கோமு போனை வைத்தாள். பன்னிரண்டு நாளாக, "பையக் குடியுங்கோ, இன்னும் பைய" என்று அவள்தான் பக்கத்தில் நின்று டம்ளரை உயர்த்த வைத்திருக்கிறாள். உயரம் கூடினால் தாரை மெலியும், தாரை மெலிந்தால் பையப் போகும் என்று புருஷனும் பெண்டாட்டியுமாகக் கண்டுபிடித்த கணக்கு! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வாய் வச்சுக் குடிக்கணுமாம்."

"எச்சல் பண்ணியா?" என்றார் அவர், சாகக் கிடக்கிற நேரத்திலும்.

கோமுவுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாலாம் நாள், தெரியாத்தனமாக அவள் காப்பி டம்ளரில் வாய் வைத்துவிட்டாள். மாமனார் அந்த டம்ளரை இடுக்கியால் எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் எறிந்தார். இந்த மனிதர் தூணோடு தூணாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தோரு வருஷமாக அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். "அன்னிக்கு எனக்காக வாயைத் திறக்கலை. இன்னிக்கு உங்களுக்காகத் திறங்கோ. எனக்கு நீங்க வேணும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டம்ளரை வாங்கி உதட்டருகே கொண்டுபோனார். விளிம்பு பட்டதும் தொண்டை குமட்டியது. மறுபடி முயன்றார். மறுபடியும் ஓங்கரித்தார். நாற்பத்தெட்டு வருஷம் பழக்கப்பட்ட உடம்பு, மனசு சொன்னால் கேட்கிறதா? பூஜை அலமாரிக்கு மேலே இருந்த கடிகாரத்தில் ஒன்றரை ஆகியிருந்தது.

கடிகாரத்தைப் பார்த்த கோமுவின் கண் அலமாரிக்கு இறங்கியது. அவர் சந்தியாவந்தனத்துக்கு எடுக்கும் பஞ்சபாத்திரம் பன்னிரண்டு நாளாகத் தொடாமல் கறுத்துக் கிடந்தது. அதற்குள் உத்தரணி, அந்தக் குட்டிக் கரண்டி.

பளிச்சென்று தேய்த்து, இருநூறு மில்லியைப் புதிதாக அளந்து அதில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். "ஆசமனம் பண்ணுங்கோ."

"இப்போ என்னடி சந்தியாவந்தனம்?"

"உள்ளங்கையில உளுந்து முழுகற அளவு ஜலம். உதட்டை வச்சு உறிஞ்சறது. ஏழு வயசிலேர்ந்து தினம் பண்றேளே, அதை எச்சல்னு யார் சொன்னா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு கையைக் குழித்தார். ஒரு உத்தரணி விட்டு, குனிந்து, சத்தமில்லாமல் உறிஞ்சினார். "அச்சுதாய நம:." இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கல் வந்து நிற்கவில்லை. நுரை வரவில்லை. மூன்று நிமிஷம் கழித்து, "அனந்தாய நம:." அதுவும் இறங்கியது.

இருநூறு மில்லி என்றால் நாற்பது உத்தரணி. மூன்று நிமிஷத்துக்கு ஒன்று. நாலு மணிக்கு மட்டுமட்டாகத்தான் வரும். கணக்கு வாத்தியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பகவான் நாமம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தாகமெடுத்த மனிதன் ஒரே மூச்சில் குடிக்கத் துடிக்கையில், கோமு கடிகாரத்தைக் காட்டிக் கையை மறித்தாள்.

இருபத்தொன்பதாவதில் அவர் கை ஆட ஆரம்பித்தது. மூன்று நாள் பட்டினி போட்ட உடம்பு அல்லவா? உள்ளங்கைத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து வேஷ்டியில் விழுந்தது. இன்னொன்று விட்டார். அதுவும் வழிந்தது. வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தாணுமாலையன் முன்கூட்டியே வந்துவிட்டான்.

"போறும் கோமு," என்றார் அவர். "என்னைக் கொண்டுபோயிடு."

"கொண்டுபோறேன், நாலு மணிக்கு" என்றாள் அவள். உத்தரணியை அவர் கையிலிருந்து வாங்கினாள். சிந்தியதற்குச் சரியாக இரண்டு உத்தரணி பாத்திரத்தில் சேர்த்தாள். பிறகு தன் வலது கையைக் குழித்து, அதில் தண்ணீரை விட்டு, அவர் வாயருகே நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். புளியும் அரிவாள்மணையும் பட்டுக் காய்ப்பேறிய கை. குனிந்தார். வெடித்த உதடுகள் அவள் உள்ளங்கையில் பட்டன. இந்தத் தடவை நாமம் எதுவும் சொல்லவில்லை. பைய உறிஞ்சினார்.

குமட்டவில்லை. மூன்று நிமிஷம் பொறுத்து, அவள் நீட்டுவதற்கு முன்பே அவராகக் குனிந்தார்.

நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் பஞ்சபாத்திரம் காலியாயிற்று. நாலு மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி போன் அடித்தது.

"குடிச்சாவளா?" என்றாள் இசக்கியம்மா.

கோமு ஈரக் கையைப் புடவையில் துடைக்காமலே போனைப் பிடித்திருந்தாள். "குடிச்சார்," என்றாள். "வாய் வச்சே குடிச்சார்."