வெள்ளிக்கிழமை ஆறு மணி முறை

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ஹில்க்கா கீழ்த்தளத்தின் கடைசிப் படியில் வாளியோடு நின்று மூச்சு வாங்கினாள். வாளிக்குள் உட்காரும் பலகையில் விரிக்க ஒரு துண்டு, துவட்ட ஒரு துண்டு, சோப்பு, ஒரு பாட்டில் பியர். இரண்டு துண்டு போதுமென்று மாடியில் எண்ணி எடுத்து வைத்ததற்கே கால் மணி நேரம் ஆகியிருந்தது. முப்பத்தோரு வருடமாக நான்கு எடுத்துவந்த கை. கணவன் தௌனோ இறந்து பதினோரு வெள்ளிக்கிழமைகளை அவள் வீட்டுக்குள்ளேயே, சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்துவிட்டாள். இது பன்னிரண்டாவது. இன்றைக்குப் போகாவிட்டால் இனி எப்போதும் போகமாட்டோம் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது.

இருபத்துநான்கு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்துக்குக் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு சவுனா, சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் அறை. குடும்பத்துக்கு வாரம் ஒரு மணி நேரம். அதில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி என்பது பட்டியலில் பெயர் எழுதிவைத்துவிட்டு யாராவது வீடு மாறுவார்களா, யாராவது சாவார்களா என்று வருடக்கணக்கில் காத்திருந்து பெறுவது. அவர்களுக்கு அது ஒன்பது வருடக் காத்திருப்பில் கிடைத்தது. கிடைத்த அன்று தௌனோ சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைத் தாளில் தங்கள் குடும்பப் பெயரைத் தானே பேனாவால் எழுதிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, ஓவியம் பார்ப்பவன் மாதிரி பார்த்தான்.

வீட்டில் தௌனோ வாய் திறப்பதே அபூர்வம். காகித ஆலையில் முப்பத்தெட்டு வருடம் மின்சார வேலை பார்த்தவன். இயந்திரச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று பழகிப்போனவன். ஆனால் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல்பலகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அகப்பையால் முதல் தண்ணீரைச் சூடான கற்கள்மேல் ஊற்றி, ஆவி எழுந்து காதைச் சுட்டதும் பேச ஆரம்பிப்பான். கணக்காக மூன்று விஷயம். முதலாவது உலக விஷயம்: எங்கோ கடலுக்கடியில் கம்பி அறுந்தது, எல்லையை மூடியபின் சுங்கச்சாவடி வாகன நிறுத்தத்தில் புல் முளைத்திருப்பது. இரண்டாவது ஏதாவது ஒரு புது இயந்திரம்: பால் தீர்ந்தால் தானே கடைக்குச் சொல்லும் குளிர்பெட்டி, ஓட்டுநர் இல்லாத பேருந்து. "தப்பான நிறுத்தத்துல நிறுத்தினா யாரைத் திட்டறது? திட்ட ஆள் இல்லாத வண்டியில நான் ஏறமாட்டேன்" என்பான். மூன்றாவது சின்ன சந்தோஷம். வருடத்தின் முதல் புது உருளைக்கிழங்கு, தோல்கூட உரிக்காமல், வெண்ணெயோடும் சதகுப்பைத் தழையோடும். புது கம்பளிக் காலுறையின் முதல் நாள். வுவோக்சி ஆற்றில் பனிக்கட்டி உடைகிற சத்தம். மூன்றாவதைச் சொன்னபின் இருவரும் பேசமாட்டார்கள். கற்கள் சீறி அடங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவள் தன் பங்குக்குச் சொன்னது ஒரே வசனம்தான். "சூடு தாங்கல தௌனோ. என்னைக் கொல்லப் பாக்கறியா?" உடனே அவன் இன்னும் அரை அகப்பை ஊற்றுவான். அதுதான் அவர்கள் விளையாட்டு என்று அவள் நினைத்திருந்தாள்.

இந்த வாரம் முழுக்க ஹில்க்கா செய்தித்தாளிலிருந்து மூன்று விஷயம் பொறுக்கி வைத்திருந்தாள். நூலகத்தில் வேலை பார்த்தவள், தேடி எடுப்பது கஷ்டமில்லை. காலிப் பலகையைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கும்; ஆனால் அங்கே யார் கேட்கப்போகிறார்கள்.

சாவி எப்போதும் போலத் திரும்பியது. உடைமாற்றும் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையில் இரண்டு ஜோடி செருப்பு. கொக்கிகளில் ஒரு கட்டம்போட்ட சட்டை, ஒரு நீலப் பூப்போட்ட அங்கி. சட்டை யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு இல்போ, தௌனோவின் ஆலைத் தோழன், கட்டடக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவன், சவப்பெட்டியின் முன் இடது மூலையைத் தூக்கியவன். அங்கி அவன் மனைவி சொய்லியுடையது. உள்கதவுக்கு அப்பால் கற்கள் சீறின. பிறகு அவன் குரல்.

"சரி, மூணாவது. சின்ன சந்தோஷம். இன்னிக்குக் காலைல பாலத்துப் பக்கம் போனேன் சொய்லி. இந்த வருஷத்து முதல் வாத்து ஜோடி..."

ஹில்க்கா திரும்பிப் படியேறினாள். கதவைச் சாத்தவில்லை என்பது இரண்டாவது மாடியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை.

ஏழரை மணிக்கு இல்போ வந்து கதவைத் தட்டினான். ஈரத் தலை, சிவந்த முகம், ஸ்வெட்டரை அவசரத்தில் உள்வெளி மாற்றிப் போட்டிருந்தான். அவள் உள்ளே வரச் சொல்லவில்லை.

"கதவு திறந்து கிடந்துச்சு. நீதான்னு சொய்லி சொன்னா."

"எங்க முறைக்கு வந்தேன்."

"ஹில்க்கா, மார்ச் மாசம் நான் வந்து காமிச்சேனே. தாளையெல்லாம் எடுத்துட்டு இனிமே ஃபோன்லதான்னு. நீதானே அந்த நீலப் பட்டனை அமுக்கினே."

"நீ அமுக்குன்னு சொன்னே. எங்க மணி அப்படியே இருக்கும்னு சொன்னே."

"அப்படிச் சொல்லல. எல்லாம் சரியா இருக்கும்னு சொன்னேன்."

"புருஷனைப் புதைச்சு ஆறு வாரம் ஆனவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான், இல்போ."

அவன் படிக்கட்டுப் பக்கம் பார்த்தான். யாருமில்லை. "நான் திருடலை," என்றான். "சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். சொல்லாதேன்னுதான் தௌனோ கேட்டுக்கிட்டான்." கைப்பேசியை எடுத்து, விரலால் மேலே மேலே தள்ளி, நீண்ட நேரம் தேடி அவளிடம் நீட்டினான். கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிற அளவுக்கு எழுத்துகள் பெரிதாக இருந்தன.

வெள்ளி ஆறு மணியை நீங்க எடுத்துக்கங்க. ஹில்க்காவுக்குச் சூடு ஆகாது. இத்தனை வருஷமா எனக்காக வந்து உட்கார்ந்திருக்கா. இனியாவது அவளுக்கு நிம்மதி கிடைக்கட்டும். அவகிட்ட சொல்ல வேண்டாம், வேண்டாம்னு மறுப்பா.

கீழே தேதி. ஜனவரி பதினெட்டு, மதியம் இரண்டு பத்து. அந்த மதியம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு தௌனோ, "உனக்குக் காபி வேணும்போல இருக்கு முகம். போய் குடிச்சுட்டு வா, அவசரமில்ல" என்றான். எவ்வளவு கரிசனம் என்று மின்தூக்கியில் இறங்கும்போது நினைத்துக்கொண்டாள். அவள் கீழே வரிசையில் நின்ற நேரத்தில் அவன் ஒரு கையில் ஊசிக் குழாயோடு, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறான்.

"அந்த மூணு விஷயம்," என்றாள். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

இல்போவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "எந்த... ஓ, அதுவா. அது எங்க பழக்கமாச்சே. காலைல பனி தள்ளும்போது சொல்லுவான். இதை வெள்ளிக்கிழமைக்கு வெச்சுக்கட்டுமா, இது நல்லா இருக்கான்னு. உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லிப் பாப்பான். நான் சிரிச்சா வெச்சுக்குவான்."

"நீ சிரிச்சா."

"தப்பா சொல்லிட்டேனா?"

அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணும்னா இப்பவே மாத்திடலாம்," என்றான். "ரெண்டு பட்டன்தான்."

"வேண்டாம். எனக்குச் சூடு ஆகாதே," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் யார்மேல் கோபப்படுவது என்று தீர்மானிப்பதே பெரிய வேலையாக இருந்தது. இல்போமேல் படலாம், ஆனால் அவன் சொன்னபடி செய்தவன். தௌனோமேல் படலாம், அவன் எழுதியதில் ஒரு வரிகூட அன்பில்லாத வரி இல்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டி எழுதியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. சாப்பாடு பிடித்தால் இரண்டாம் முறை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம், காய்ச்சலும் பயணமும் போக ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கிழமை இருக்கும், அவள் இரண்டாம் முறை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். அது அவனுக்குக் கண்ணில் படவில்லையா? கடலுக்கடியில் அறுந்த கம்பி தெரிந்தவனுக்குப் பக்கத்துப் பலகை தெரியவில்லையா? கேட்டிருக்கலாம் ஒரே ஒரு தடவை. அவளும் சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு தடவை. இந்த இரண்டாவது எண்ணம் வரும்போதெல்லாம் எழுந்து போய் எதையாவது கழுவினாள்.

புதன்கிழமை குப்பைக் கொட்டகையில் சொய்லி பிடித்துக்கொண்டாள். குட்டையான, வேகமாகப் பேசுகிற பெண். அட்டைப் பெட்டியொன்றைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தவள் ஹில்க்காவைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"இப்படிப் பேசாம போறதுக்குத் திட்டிட்டுப் போயேன்டி."

"திட்டறதுக்கு எனக்கு எத்தனை மணிக்கு ஒதுக்கியிருக்கீங்க?"

"செவ்வாய் நாலு மணி காலியா இருக்கு," என்றாள் சொய்லி, கொஞ்சமும் சிரிக்காமல். "நாங்க விட்டது."

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு யாரு சவுனாவுக்குப் போவா?"

"நாங்க போனோம். இருபத்தாறு வருஷம். வேலைய விட்டு ஓடி வந்து, கல்லு சரியா சூடாகறதுக்குள்ள குளிச்சுட்டு எழுந்திரிச்சு. வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் குளிச்சு முடிச்சு முகம் சிவக்க முற்றத்துல காத்தாட நடக்கறதை ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டு." பெட்டியை இன்னொரு மிதி மிதித்தாள். "கிடைச்சப்போ வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அது தப்புதான்னு வெச்சுக்கோ."

ஹில்க்கா தன் பையிலிருந்த காகிதங்களைத் தொட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"உனக்குப் பிடிக்காதுன்னுதான் நாங்க நினைச்சோம்," என்றாள் சொய்லி, குரல் தணிந்து. "தௌனோ எல்லார்கிட்டயும் சொல்லுவானே. ஆலைல, கடைல. 'ஹில்க்காவுக்குச் சுத்தமா ஆகாது, ஆனாலும் ஒரு வாரம் விட்டதில்ல, எனக்காக வருவா'ன்னு. அவ்வளவு பெருமையா சொல்லுவான்."

"பெருமையா."

"ஆமா. வேற எதைப் பத்தியும் அவன் பெருமை பேசி நான் கேட்டதில்ல."

ஹில்க்கா காலிப் பையை நான்காக மடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். அப்படியானால் அவன் பக்கத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு கணவனுக்காக வெந்துகொண்டிருந்த ஒரு நல்லவள். அவளுக்குத்தான் அந்த மூன்று விஷயங்களைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறான், சரியாக இருக்கிறதா என்று இன்னொருவனிடம் சோதித்து, அவள் படும் கஷ்டத்துக்கு ஈடாக. அந்தப் பெண்ணை விடுதலை செய்துவிட்டுத்தான் நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறான். சூட்டில் மயங்கி, காலை நீட்டி, இந்த மணி முடியக்கூடாதே என்று ஒவ்வொரு வாரமும் சுவர்க் கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்த இவளை அவன் சந்தித்ததேயில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏப்ரலின் கடைசி வெள்ளி. மறுநாள் முற்றத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யும் பொதுவேலை என்று நுழைவாயிலில் அறிவிப்பு தொங்கியது. குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைக்கல் நடைபாதையெங்கும் நரநரத்தது. ஆறுமணிக்கும் வெயில் கட்டடத்தின் மேற்குச் சுவரில் மிச்சமிருந்தது. ஹில்க்கா முன்கூடத்து நீளக் கம்பளத்தைச் சுருட்டி, தோளில் போட்டு, மூன்று மாடியும் இறங்கினாள். நான்கு மீட்டர் கனமான துணிக்கம்பளம். இதையெல்லாம் தௌனோதான் தூக்குவான். முற்றத்தில் கம்பளங்களைத் தொங்கவிட்டு அடிக்கும் மேடை சவுனாவின் சிறு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. கம்பத்தில் அறைந்த தகட்டில் அடிக்க அனுமதித்த நேரம் எழுதியிருந்தது: வேலை நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை எட்டு வரை. அவள் அதை ஒருமுறைக்கு இருமுறை வாசித்துக்கொண்டாள். தரைமட்டத்து ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. இடுக்கு வழியே ஆவி மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. உள்ளே இல்போவின் குரல், வார்த்தை புரியாமல், சீராக.

கம்பளத்தைக் கம்பியில் மடித்துத் தொங்கவிட்டு, பிரம்பு மட்டையை இரண்டு கையாலும் பிடித்து அடித்தாள்.

சத்தம் முற்றத்தின் மூன்று பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியது. இரண்டாவது அடி. தூசு எழுந்து வெயிலில் நின்றது. நான்காவது அடியில் உள்ளே பேச்சு நின்றது. அவள் நிறுத்தவில்லை. தோள் வலித்தது, மூச்சு இரைத்தது, கன்னத்தில் சூடு ஏறியது. அடிக்க அடிக்க கம்பளத்தின் நெசவிலிருந்து சரளைக்கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. மூன்று மாதமாக இந்த வீட்டுக்குள் பூட்ஸோடு வந்தவர்கள் யாருமில்லை. அவள் செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிடுவாள். எத்தனை சொன்னாலும் கழற்றாமல் பாதிக்கூடம் வரை நடந்துவிட்டுப் பிறகு திரும்புகிறவன் தௌனோ ஒருவன்தான்.

மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். சாம்பல் நிறச் சிறு கற்கள், அரிசியைவிடக் கொஞ்சம் பெரியவை. விழுந்த கற்களைச் சுற்றிலும் அதேபோன்ற கற்கள், முற்றம் முழுக்க, நாளைக் காலை கூட்டி அள்ளப்போகிறவை. எது கம்பளத்திலிருந்து விழுந்தது, எது முன்பே கிடந்தது என்று தெரியவில்லை. ஒரு கை அள்ளிப் பார்த்தாள். ஜன்னலின் இடுக்கில் ஒரு விரல் தெரிந்தது. ஜன்னல் கதவை உள்ளிருந்து மெதுவாக இழுத்துச் சாத்தியது. ஆவி நின்றது. கைக்குள் கற்கள் குளிர்ந்து கிடந்தன. அவள் அவற்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கம்பளத்தை மறுபுறம் திருப்பினாள்.