சிக்ஸ்டன் பெண் கேட்ட வீடியோ

பெண் கேட்பதற்கு உலகத்தில் எத்தனையோ வழி இருக்கிறது. நேரே போய்க் கேட்கலாம். கடிதம் எழுதலாம். குடித்துவிட்டு உளறலாம். நாட்டின் வடகோடியில் பனிக்குள் கிடக்கும் ஸ்கோலிடன் ஊர்க்காரர்களான எங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது. நாங்கள் சங்கம் கூட்டி, காபி குடித்து, தீர்மானம் போட்டுத்தான் பெண் கேட்போம். அப்படிக் கேட்டால் யார் கேட்டது என்று பெண்ணுக்கே தெரியாது பாருங்கள், அதில்தான் எங்கள் பெருமையே இருக்கிறது.

சிக்ஸ்டன் என்னோடு பள்ளியில் படித்தவன். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான், கோடையில் சாலையோரப் புல் வெட்டுகிறான். இரண்டுக்கும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் கல்யாணம், ஞானஸ்நானம், ஐஸ் ஹாக்கி என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவள். பேசினால்தான் என் வேலை நடக்கும். அதனால் ஊரில் எனக்கு வாயாடி அன்னேலி என்று பெயர். இங்கே ஒருத்தி வாயாடி ஆக அதிகம் மெனக்கெட வேண்டாம், முழு வாக்கியமாக இரண்டு பேசினால் போதும்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் சிக்ஸ்டன் என் வீட்டுச் சமையலறைக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தொப்பியோடு உட்கார்ந்தான்.

"இல்வா போறா," என்றான்.

"தெரியும். மாசக் கடைசியில. கோத்தன்பர்க்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. ஊருக்கே தெரியுமே."

"ம்."

இல்வா எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ். தெற்கத்திக்காரி. வாய்விட்டுச் சிரிப்பாள், ஆளைப் பார்த்து நேராகக் கேள்வி கேட்பாள், இருந்தும் நாங்கள் அவளைப் பொறுத்துக்கொண்டோம். அவள் வந்த நாள் முதல் சிக்ஸ்டனுக்கு அவள்மேல் ஒரு இது. நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நின்றாலும் முதலில் அவள் வீட்டு வாசல் பனியைத் தள்ளிவிட்டுத்தான் அங்கே போவான். பேருந்து ஓட்டுநர் உட்பட எல்லோருக்கும் தெரியும். அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது எங்களுக்குப் பிடிக்காது, பார்த்துப் பேசிக்கொள்வதோடு சரி.

"போய்ச் சொல்லித் தொலையேண்டா. ரெண்டு வார்த்தை."

"வராது, அன்னேலி. ரெண்டு தடவ போனேன். ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிட்டா."

"எவ்வளவு இருந்துச்சு?"

"ரொம்ப." காபியை ஒரு வாய் குடித்தான். "பாட்டு ஓடினா எனக்கு வாய் வரும். கோடை நடனத்துல கடைசியா போடுவாங்களே, அந்தப் பாட்டு. அது ஓடட்டும், நான் வாயசைக்கிறேன், நீ எடு. அவ பார்த்துப் புரிஞ்சுக்கட்டும்."

அந்தப் பாட்டைக் கவிதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'இங்கேயே இருந்துவிடு, யா சொல்லு, யா, யா, யா' என்று போகும், யா என்றால் சரி, அவ்வளவுதான். ஆனாலும் இந்த ஆளுக்காக என் மனசு இளகிவிட்டது. பின்னால் நின்று கோரஸ் பாட இரண்டு மூன்று பேர் இருந்தால் நன்றாக இருக்கும், ஊர் மண்டபத்தில் எடுக்கலாம் என்றேன். மண்டபச் சாவி ஊர்ச் சங்கத் தலைவி குன்-பிரித்திடம் இருந்தது. சாவி கேட்கப் போன நான் ஒரு கமிட்டியோடு திரும்பி வந்தேன்.

கூட்டத்தில், எங்கள் ஊர் வழக்கப்படி காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவிட்டபடி குன்-பிரித் சொன்னாள்:

"எல்லாம் சரிதான்மா. ஆனா சிக்ஸ்டன் மட்டும் முன்னாடி நிக்கறது அவ்வளவா நல்லா இருக்காது. என்னமோ அவன்தான் பெரிய இவன்னு காட்டிக்கிற மாதிரி ஆயிடும்."

"அவன்தானே குன்-பிரித் பொண்ணு கேக்கறான்?"

"அதுக்காக? முன்னாடியா நிக்கணும்?"

எல்லோரும் சிக்ஸ்டனைப் பார்த்தார்கள். அவன் உதட்டைக் குவித்து 'ஷ்யுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தான். எங்கள் பக்கம் அதுதான் சம்மதம். வாயைத் திறந்து 'யா' என்று சொல்வது தெற்கத்திக்காரர்கள் பழக்கம், இங்கே அதை ஆர்ப்பாட்டம் என்போம்.

அப்புறம் என்ன, கதவு திறந்தாகிவிட்டது. வேட்டைக் குழுத் தலைவர் ரூனே, தன் நாயும் வரவேண்டும் என்றார். நாய் வந்தால் தையல் குழு வராமல் இருக்குமா? தையல் குழு வந்தால் மீன்பிடி சங்கம் கோபித்துக்கொள்ளாதா? கடைசியில் ஊரே வருவதாக முடிவானது. வீடியோவில் யாருக்கும் ஒரு நொடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நாய்க்கும் அதே பங்கு. பெண் கேட்கிறவனுக்கும் அதே பங்கு. எல்லோரும் 'ஷ்யுப்', 'ஷ்யுப்' என்று இழுத்ததில் மண்டபத்தில் காற்றே குறைந்து போயிருக்கும்.

படம் பிடித்த நாளில் அப்படியொரு குளிர், மூக்கு முடியெல்லாம் உறைந்துவிட்டது. மண்டபம் வேண்டாம், ஊர் அழகாகத் தெரியட்டும் என்று குன்-பிரித் எல்லோரையும் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாட்டு போட வைத்திருந்த ஸ்பீக்கர் இரண்டு வரி பாடிவிட்டுச் செத்துப்போனது. குளிரில் பேட்டரி நிற்கவில்லை.

"கோட்டுக்குள்ள வச்சா ஓடும். நான் வச்சுக்கறேன்," என்றான் சிக்ஸ்டன்.

"உன்னை எப்படா எடுக்கறது?"

"கடைசில பார்த்துக்கலாம். பாவம், எல்லாரும் குளிர்ல நிக்கறாங்க."

அப்படித்தான் மாப்பிள்ளை ஸ்பீக்கரைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்து பட்டன் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கும்பலுக்குப் பின்னாலும் போய் நின்றான். மற்றவர்கள் காது மூடிய தொப்பியோடு முன்னால் நின்று வாயசைத்தார்கள். அசைத்தார்கள் என்பது என் பெருந்தன்மை. தொப்பிக்குள் பாட்டு போய்ச் சேர்வதற்குள் அடுத்த வரி வந்துவிடும். தையல் குழு ஒரு வரி பிந்தி ஓடியது. ரூனே பாடியது வேறு ஏதோ பாட்டு. 'யா, யா, யா' வந்ததும் ஊரே ஒன்றாக உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தது. கேமராவில் பார்த்தால் எல்லோரும் சூடான சூப்பை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது.

"வாயைத் திறங்கய்யா! யா! யா!" என்று நான் கத்தினேன்.

"திறந்துதானே வச்சிருக்கு," என்றார் ரூனே, வாயைத் திறக்காமல்.

நாய் மட்டும் நன்றாகக் கொட்டாவி விட்டது. சிக்ஸ்டன் முறை வந்தபோது சூரியன் போய்விட்டது. முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு பனி வண்டி பக்கத்தில் நிழல் மாதிரி நின்றான். பெண் கேட்கிறவனா, வண்டி திருட வந்தவனா என்று சொல்ல முடியாது.

எடிட்டிங் என்பது பொறுமையான வேலை என்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் பாட்டை ஒரு தடத்தில் போட்டு, வாய்களை இன்னொரு தடத்தில் போட்டு, முன்னே நகர்த்திப் பின்னே நகர்த்தி, பொருந்தாத வாய்க்கு மேலே மரத்தையும் மலையையும் ஒட்டினேன். எந்தக் காட்சியைப் பார்த்தாலும் மூலையில் நெஞ்சு புடைத்த ஒரு கோட்டு நின்றது, அது வேறு எரிச்சல். முடிந்த இடத்தில் ஓரத்தை வெட்டித் தள்ளினேன். வெட்டினால் நாய் போய்விடும் என்கிற இடங்களில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தேன்.

வீடியோவின் முடிவில் 'இல்வா, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா? சிக்ஸ்டன்' என்று எழுத்து போட்டிருந்தேன். கமிட்டி அதைப் பார்த்துச் சங்கடத்தில் நெளிந்தது.

"பேரெல்லாம் போட்டா எப்படிம்மா?" என்றாள் குன்-பிரித். "அத்தனை பேர் முன்னாடி அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும். முடியாதுன்னுட்டா அவனுக்கும் ஒரு மாதிரி இருக்கும். 'இங்கேயே இரு, இல்வா. அன்புடன் ஸ்கோலிடன் மக்கள்'னு போடு. யாருக்கும் சங்கடமில்ல."

"இதுல பொண்ணு கேக்கறது யாரு? தையல் குழுவா?"

"பரவாயில்ல, அன்னேலி," என்றான் சிக்ஸ்டன். "நல்லாத்தான் இருக்கு."

இவனைப் பனி வண்டிக்கு அடியில் போட்டுத் தள்ளினால்கூட, வண்டிக்கு வலித்ததா என்று கேட்பான். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. ஆனாலும் மாற்றிக் கொடுத்தேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

இல்வாவை வழியனுப்பும் காபி விருந்து சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் நடந்தது. ஏழு வகை பிஸ்கட், இரண்டு கேக். வீடியோ ஓடியது. இல்வா சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், முடிவில் அந்த எழுத்து வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ, ஊரே கூடி இருன்னு சொல்லுதே! யாரோட யோசனை இது?"

எல்லோரும் தங்கள் காபிக்குள் பாலாடைக்கட்டி கரைகிறதா என்று பார்த்தார்கள். "எல்லாரும் சேர்ந்துதான்," என்றாள் குன்-பிரித்.

இல்வாவின் பார்வை மேசையைச் சுற்றி ஒவ்வொருத்தராகத் தாண்டிப் போய் ஒரு இடத்தில் நின்றது. "நீயுமா, சிக்ஸ்டன்?"

"எல்லாரும்தான்," என்றான் அந்த மகானுபாவன்.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன், குன்-பிரித் சட்டென்று என் தட்டில் கேக்கை வைத்தாள். இல்வாவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் வாடியது. அதை யாரும் பார்க்காத மாதிரி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரொம்ப நன்றி. நிஜமா. ஆனா ஊர் கேக்குதுன்னு எல்லாம் என்னால இருக்க முடியாது. அங்க வேலையை ஒத்துக்கிட்டாச்சு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவ போடேன், அன்னேலி. உங்க முகத்தை எல்லாம் நல்லா பார்த்துக்கறேன்," என்றாள்.

போட்டேன். நாய் வந்தது. "நிறுத்து," என்றாள். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"பின்னாடி இது யாரு?"

"அதுவா, ஸ்பீக்கர் பிடிச்சிட்டிருந்தவன்," என்றேன் அவசரமாக. "அந்த இடத்துல வெட்ட முடியல. மன்னிச்சுக்க."

"கொஞ்சம் தள்ளு. நிறுத்து. இங்கயும் இருக்கான். இன்னும் தள்ளு."

தையல் குழுவின் தோள்களுக்கு நடுவே, ரூனேயின் தொப்பிக்கு மேலே, நான் வெட்டாமல் விட்ட மூலைகளில் எல்லாம் சிக்ஸ்டன் நின்றுகொண்டிருந்தான். பாட்டு அவன் நெஞ்சுக்குள் ஓடியிருக்கிறது, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. 'இங்கேயே இருந்துவிடு' என்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். 'யா' வந்தபோது வாயை முழுதாகத் திறந்திருந்தான், தெற்கத்திக்காரன் மாதிரி. நாள்கணக்கில் வாய் வாயாகப் பார்த்தவள் நான். ஊரில் ஒழுங்காகப் பாடிய ஒரே வாயைக் குப்பை என்று வெட்டியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் கழுத்து வரை சூடேறியது.

இல்வா திரும்பினாள். "சிக்ஸ்டன், நீ யாருக்குப் பாடற?"

சிக்ஸ்டன் எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பாவமாக இருந்தது, என் கை தானாகப் பாட்டை ஓடவிடும் பட்டன் பக்கம் போனது.

"பாட்டு வேணாம், அன்னேலி," என்றாள் இல்வா.

"என் வீட்டு முற்றத்துல," என்று ஆரம்பித்தான் சிக்ஸ்டன். "காருக்கு ராத்திரி சூடு ஏத்தற பிளக் இருக்கில்ல. கம்பம் நட்டு ரெண்டாவது ஒண்ணு போட்டிருக்கேன்."

ரூனே தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் குளிரில் ஒரு காருக்கு ஒரு பிளக் வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. சிக்ஸ்டனிடம் இருப்பது ஒரே கார்.

"எப்ப போட்ட?" என்றாள் இல்வா. குரல் இறங்கியிருந்தது.

"நீ வந்த அடுத்த குளிருக்கு."

"அதுல யார் வண்டி நிக்குது?"

"யாரும் இல்ல. பனி சேராம பார்த்துக்கறேன். தினமும்."

இல்வா கோட்டை எடுத்து மாட்டினாள். "இன்னொரு கேக் வெட்டவே இல்லையேம்மா," என்று குன்-பிரித் இழுத்தாள். கதவு சாத்திய சத்தம்தான் பதில். சிக்ஸ்டன் தொப்பியைக் கையில் பிசைந்தபடி உட்கார்ந்துவிட்டான்.

அடுத்தவர் விஷயத்தில் தலையிடாத நாங்கள் அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஓடினோம். இல்வா மண்டபத்துக் கம்பத்திலிருந்து தன் கார் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். வண்டி கிளம்பி நெடுஞ்சாலை வரை போய் நின்றது. பிறகு மேட்டுப் பக்கம் திரும்பியது. அந்தப் பாதையில் இருப்பது ஒரே வீடு.

"சிக்ஸ்டன்!" என்று கத்தினேன். "உன் வீட்டுக்குப் போறாடா! எழுந்திரு!"

எழுந்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அவ ஒயர் அந்தக் கம்பம் வரைக்கும் எட்டாதே," என்றான். "நீட்டு ஒயர் கராஜுக்குள்ள இருக்கு. அவளுக்குத் தெரியாது."

கோட்டு இல்லாமல், தொப்பி இல்லாமல், அந்தக் குளிரில் மேட்டைப் பார்த்து ஓடினான்.