வெள்ளத்தாய் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி

ஒரு கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொன்னால், நம் ஆட்கள் அதில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இது தெரியாத யாரோதான் மலையடி மகளிர் பால் சங்கத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியவர்கள் போய்விட்டார்கள். பராமரிப்பு, ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டிருக்கும் என் தலையில் விழுந்தது.

அன்று மதியம் சங்கத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்திலிருந்து நாகஜோதி போன் செய்தாள். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். இப்போது அங்கே பால் கணக்கு ஏற்றுகிறாள்.

“யுவராணி, வெள்ளத்தாயக்கா இயக்குநர் தேர்தல்ல நிக்கணும்னு வந்திருக்காவ. வருசத்துல பாதி நாளாவது பால் ஊத்தியிருந்தாத்தான் நிக்க முடியும். அவிய தெனமும் ஊத்துதாவ. ஆனா தகுதிப் பட்டியல்ல பேரு வரல. அஞ்சு மணிக்குப் பட்டியல ஒட்டிருவாவ.”

“எதையும் தொடாத. வாரேன்” என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.

வெள்ளத்தாய் நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். மகாராஜபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவர் ஊரில் பாலின் கொழுப்பைப் பார்க்கும் மெஷின் கெட்டுக் கிடக்கிறது. தண்ணிப் பாலுக்கும் கெட்டிப் பாலுக்கும் ஒரே விலை.

“மெஷினச் சரி பண்ணுங்கன்னு வெளிய நின்னு எம்புட்டோ தடவ கேட்டுட்டேன் தாயி. உள்ள உக்காந்து கேட்டாத்தான் நடக்கும்” என்றார்.

திரையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் வரவு ஏற்றும் பக்கத்தில், உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி. அழுத்தினால் வெறும் பெயர்கள் மட்டும் கீழே விரிந்தன. வெள்ளத்தாய், வெள்ளத்தாய், வெள்ளத்தாய். ஊரும் கிடையாது, எண்ணும் கிடையாது. பெட்டிக்குப் பக்கத்தில் பச்சைக் கூட்டல் குறி. அழுத்தினால் புது உறுப்பினரைச் சேர்க்கலாம். அதை ஒட்டி, உறுப்பினரை அழிக்க ஒரு சிவப்புக் குறி. இரண்டும், மென்பொருள் கட்ட உதவும் ஜாங்கோ என்ற கருவி தானாகத் தருபவை. முன்பு எழுதிய மகராசன்கள் அவற்றை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள்.

“ஏட்டி, இத்தன வெள்ளத்தாய் எங்கேருந்து வந்தாவ?”

“நாந்தான் சேத்தேன்” என்றாள் நாகஜோதி. “வாராவாரம் பால் சீட்டப் பதிய வரும்போது, எந்த வெள்ளத்தாய்னு பாக்கப் புருசன் பேரக் கேட்டா, அக்கா பேச மாட்டாவ. பேரு சொல்லக் கூச்சப்படுதாவ போலன்னு நெனச்சேன். பின்னால கூட்டம் நிக்குது. கூட்டல அமுக்கி, புதுசாப் போட்டு, புருசன் பேருல ஒரு புள்ளி வச்சிருவேன்.”

“நல்லா வச்ச போ.”

ஒருத்தி ஊற்றிய பால் பல வெள்ளத்தாய்களுக்குப் பிரிந்து கிடந்தது. அதில் எந்த வெள்ளத்தாய்க்கும் தகுதி இல்லை.

“அப்ப புள்ளி வச்சதையெல்லாம் அழிச்சிரட்டா?” என்று நாகஜோதி மௌஸைச் சிவப்புக் குறிக்குக் கொண்டுபோனாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஆள அழிச்சா, அவிய ஊத்துன பாலும் சேந்து போயிரும். மொதல்ல பால நகத்தணும். பொறவுதான் அழிக்கணும்.”

நல்லவேளை, குறுஞ்செய்தி போக வேண்டுமே என்று போன் நம்பரை மட்டும் எல்லாவற்றிலும் ஒழுங்காகப் போட்டிருந்தாள். அதை வைத்து இந்த வெள்ளத்தாயின் பதிவுகளைப் பிரித்தேன். எல்லாவற்றையும் சேர்க்க வேண்டிய அசல் பதிவைத் திறந்து, “வெள்ளத்தாய், கணவர் பெயர் சின்னக்கருப்பன்” என்று வாசித்தேன்.

“அந்தப் பேரோட சேக்காத தாயி.”

“கூச்சப்படாதீய அக்கா.”

“கூச்சம் என்ன கூச்சம்? சின்னக்கருப்பன். கடைத்தெருவுல நின்னுகூடச் சொல்லுவேன். எம் மாட்டுல ஒண்ண வித்துட்டுப் போயி, சேத்தூர்ல வேற குடும்பம் வச்சிருக்கான். அவன் பேரு பக்கத்துல எம் பேர ஒட்டுனா, எனக்குத் தேர்தலே வேண்டாம்.”

“இன்னைக்கு ஒரு நாளுதான அக்கா” என்றாள் நாகஜோதி.

“எல்லாரும் ஒரு நாளுன்னுதான் சொல்லுதீய.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. மகளிர் சங்கம் என்று பெயர். புருஷன் பெயர் இல்லாமல் ஒரு பெண்ணைச் சேமிக்க வழியில்லை. பக்கத்து அறையிலிருந்த தேர்தல் அலுவலர் பரிபூரணத்திடம் போனேன்.

“சார், ஆளு இன்னாருன்னு எத வச்சுப் பாப்பீய?”

“உறுப்பினர் எண்.”

“அப்ப கணவர் பேரு எதுக்கு?”

“வழக்கம்மா அது.”

வழக்கம்தானே, மாற்றிவிடலாம். லேப்டாப்பைத் திறந்தேன். பெட்டிக்குப் பக்கத்திலிருந்த கூட்டலையும் சிவப்புக் குறியையும் தூக்கினேன். புது ஆளைச் சேர்க்க வேண்டுமானால் இனி தனிப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். பெட்டியைத் தேடும் பெட்டியாக்கினேன். முதல் தடவை அது ஒரு பெயரையும் காட்டவில்லை. பெயர், போன் நம்பர் என்று எதையெல்லாம் தேட வேண்டும் என்று அதற்குச் சொல்ல மறந்துவிட்டிருந்தேன். என்னையே திட்டிக்கொண்டு அதையும் சேர்த்தேன். போன் நம்பரை அடித்தால் பெயர், ஊர், உறுப்பினர் எண் என்று ஒரே வரி வந்தது. கணவர் பெயருக்கு இருந்த கட்டாயத்தை எடுத்தேன்.

“உங்க பேரு பக்கத்துல யாரு பேரப் போட அக்கா? அம்மா பேரு?”

வெள்ளத்தாய் யோசித்தார். “ஊரப் போடு தாயி. அது போதும்.”

பாலை நகர்த்தி, கூட்டிப் பார்த்து, புள்ளி வைத்த வெள்ளத்தாய்களை அழித்து முடிக்கும்போது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. நாகஜோதி பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஒட்டுவதற்கு முன் அலுவலர் எல்லார் முன்னாலும் வாசித்தார். நிற்கப்போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். வெள்ளத்தாய் பெயர் வந்ததும், பழக்கத்தில் கணவர் பெயரைத் தேடி அலுவலர் கண் வரியின் கடைசிவரை போனது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்னம்மா, வீட்டுக்காரர் பேரு இல்லையே?”

வெள்ளத்தாய் கையை இறக்கவில்லை.

“அவரு தேர்தல்ல நிக்கல சார். நாந்தான் நிக்கேன்.”