சிப்பி வைத்த பங்கு

இருபது முட்டைக்கோஸுக்கும் மால்சுன் இரண்டாம் தடவை உப்புப் போட்டுவிட்டாள். இந்த வருஷத்துக் கிம்ச்சி ஊறுகாயை வாயில் வைத்த மாதிரிதான்! அவள் தங்கை குமஜா தலையில் அடித்துக்கொண்டாள். "விடும்மா, அலசிக்கலாம்," என்றார் டொக்சு. மனைவி மால்சுன்னுக்கு மறதி நோய் வந்த நான்கு வருஷத்தில் அவர் எதற்குத்தான் பழகவில்லை?

அலசி முடித்து மூன்று பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மிளகாய் விழுது தடவினார்கள். குளிர்காலக் கிம்ச்சி போடும் நாளில் முதல் கோஸ் இலையில் சிப்பிக்கறி வைத்துச் சுருட்டி அவர் வாயில் ஊட்டுவாள் மால்சுன். சண்டை போட்டு முகங்கொடுக்காத வருஷத்தில்கூட, வாயை அடைக்கிற வேகத்தில் திணித்தாள். போன வருஷம் மறந்துவிட்டாள். இந்தத் தடவையாவது என்று காலையிலிருந்தே அவர் மனசு அடித்துக்கொண்டது.

சுருட்டினாள். டொக்சு ஆவென்று வாயைத் திறந்தார்.

"அய்யய்யோ, இது எங்க வீட்டுக்காரருக்குங்க! சிப்பின்னா அவருக்கு உசிரு. தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே, உங்களுக்கு அந்தத் தட்டுல இருக்கு."

கட்டிய பெண்டாட்டி அண்ணே என்கிறாள். யாரிடம் சொல்லி அழ?

"அக்கா, இவருதான்க்கா அத்தான்! நல்லாப் பாரு!"

மால்சுன் ஏற இறங்கப் பார்த்தாள். "போடி. எங்க அவரு இப்படியா கெழடு?"

டொக்சுவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. துறைமுக வேலை முடிந்து மீன் வாடையோடு வந்து, செருப்பைக் கழற்றுமுன்பே வாயைத் திறந்து நின்ற அந்த நாற்பது வயது டொக்சு என்கிற பாவி மேல்தான் பொறாமை. இவள் ஆசையெல்லாம் அவனிடமே தங்கிவிட்டதே. இன்னும் ஒரே ஒரு தடவை அவள் கையால் வாங்கித் தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

"அவரு எப்பம்மா வருவாரு?" என்று அவளிடமே கேட்டார்.

"அஞ்சு மணிக்கு. மணியெல்லாம் அடிக்கமாட்டாரு. வாசல்ல நின்னு இருமுவாரு."

டொக்சு எழுந்து கையைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டார்.

"இந்தக் குளிர்ல எங்க அத்தான்?"

"வேலைக்கு," என்றார்.

கூடமாட வேலை செய்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது மால்சுன்னுக்குப் பிடிக்காது. ஒரு டப்பா நிறையக் கிம்ச்சியை அவர் கையில் திணித்தாள். "வீட்டுல குடுங்கண்ணே. ரொம்ப ஒத்தாசையா இருந்தீங்க."

மாடிப்படியில் காற்று கூராக வீசியது. டப்பாவைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

ஐந்தானது. உள்ளே மால்சுன், "நகருடி, அவரு வர்ற நேரம்," என்று தங்கச்சியை விரட்டுவது கேட்டது. நரை தெரியாதபடி குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு டொக்சு இருமினார்.