ஓரங்கட்டாத இம்பாலா

பாஞ்சாலியின் கார் முதல் தடவை ஒரு முழம் வளர்ந்ததற்கு நான்தான் காரணம். உத்திரமேரூரில் இதை வேறு மாதிரி சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன், காருக்கும் என் சுவருக்கும் நடுவில்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். சொத்து என்று பார்த்தால் ஒரு பழைய மாருதி, அதற்கு இரண்டு பக்கமும் பிரேக், அப்புறம் உள்சுவர் முழுக்க அமெரிக்கக் கார் படங்கள். மஸ்டாங், சார்ஜர், காடிலாக் என்று காலண்டரிலிருந்தும் பழைய பேப்பர் கடையிலிருந்தும் கத்தரித்து ஒட்டியவை. எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு அந்தச் சுவரில் இடமில்லாமல் போனது பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. இப்படிப்பட்டவன் கண்ணெதிரில், ஐம்பத்தொன்பதாம் வருஷத்து இம்பாலா ஒன்று, வேப்பங்கொழுந்து நிறத்தில், பின்னால் வௌவால் இறக்கை மாதிரி இரண்டு விரிப்போடு, எட்டு சிலிண்டரும் ஒரே நேரத்தில் பேச, சந்துக்குள் ரிவர்ஸில் வந்தால் என்ன ஆகும்? ஓடிப்போய் அந்த இறக்கையை இரண்டு தட்டுத் தட்டினேன். கெட்ட எண்ணம் இல்லை. நல்ல எருமையைக் கண்டால் தட்டிக் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் நம் பக்கத்தில் லாரியானாலும் டிராக்டரானாலும், பின்னால் நிற்கிறவன் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம். சொந்த நிலத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகிய பாஞ்சாலி, இரண்டு தட்டுக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். நான் ஒதுங்கினேன். சுவருக்கு அந்த வசதி இல்லை. 'பாதுகாப்பே முதல்' என்று எழுதியிருந்ததில் 'பாது' மட்டும் மிஞ்சியது.

பாஞ்சாலி இறங்கி வந்து சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு தட்டு தட்டுனியா இல்லியா மாஸ்டரு?" என்றாள். தட்டியதை டீக்கடை சாம்சன் முதல் தெருநாய் வரை பார்த்திருந்தது. ஆனாலும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், கூட்டத்தில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. "பொம்பள கையில இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு? மொதல்ல எடுத்து ஓரமா போடு!" என்று கத்தினேன். அப்போதுதான் வளர்ந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. எண்ணெயில் பூரி உப்புகிற மாதிரி, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் தகடு நிதானமாக நீண்டது. முன் பம்பர் சாம்சன் கடை பெஞ்சைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் டீ சிந்தாமல் ஒரு முழம் நகர்ந்தார். "வெயிலுக்குத் தகடு நீளும் மாஸ்டர்" என்றார் சாம்சன். அன்று தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

கார் அவளுக்கு வந்த கதை சின்னது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அவள் நிலத்தின் ஓரத்தை எடுத்துக்கொண்டார்கள். ஓரம் என்றுதான் சொன்னார்கள். கிணறு அந்த ஓரத்தில் இருந்தது. புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. நஷ்ட ஈடு வந்ததும், பேங்க்கில் போடச் சொன்னான் தம்பி மோகன். அவள் பஸ் ஏறி வாலாஜாபாத் போய், அத்தாவுல்லா பாயின் ரைஸ் மில்லில் நின்றாள். பாயின் தாத்தா எப்போதோ சென்னையில் ஏலத்தில் எடுத்த இம்பாலா, அங்கே உமிக் குவியலுக்கு அடியில் கிடந்தது. "இது பெட்ரோல் குடிக்காதும்மா, திங்கும்" என்று பாய் நேர்மையாகச் சொல்லிப் பார்த்தார். "நானும் நல்லா துன்றவதான் பாய், நாங்க ரெண்டு பேரும் அனுசரிச்சிக்கிறோம்" என்றாள். அன்று வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர் வரை ரோடு முழுக்க உமி பறந்தது. "ரோட்டுக்கு நெலம் குடுத்தவ நானு, ரோட்டுல எனக்கும் பங்கு கீது" என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

கார் எதனால் வளர்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அடுத்த பொங்கல் வரைக்கும் ஆனது. பாஞ்சாலியை யாராவது ஓரமாகப் போகச் சொன்னால் வளர்கிறது, அவ்வளவுதான். மனதாரச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குச் சொன்னால் அசையாது. செங்கல்பட்டு பஸ் டிரைவர் ஹாரன் அடித்துச் சொன்னதில் ஒரு சாண். கட்சி ஊர்வலக்காரர்கள் கொடிக் கம்பால் தட்டிச் சொன்னதில் இரண்டு முழம். ரேஷன் வரிசையில் ஒருவர் சொன்னபோது கார் வீட்டு வாசலில் நின்றிருந்தது. நின்ற இடத்திலேயே நீண்டு மாட்டுத் தொட்டியைக் கவிழ்த்தது. இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காக்காரன் ஸ்டீரிங்கை இடது ஓரத்தில் வைத்திருந்தான். ஒவ்வொரு தடவை வளரும்போதும் அது விரலளவு உள்ளே நகர்ந்து, மூன்றாம் வருஷம் நட்டநடுவில் வந்து நின்றுவிட்டது. தெரு முனையில் முன்பாதி திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்பாதி வரும். அவ்வளவு நீளம் எப்படித் திரும்பியது என்று கேட்டால், தெருதான் கொஞ்சம் விலகிக்கொண்டது. கடைக்காரர்கள் படிக்கட்டை உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

எதிர்ப்பு வராமலில்லை. ஊர்ச் சபை எப்படி நடக்க வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. ஒரு காருக்குச் சட்டம் இல்லையா என்று கூட்டம் போட்டார்கள். நானே போய்க் கல்வெட்டைப் பார்த்தேன். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது என்றாலும், காரின் நீளம் பற்றி அதில் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சென்னையிலிருந்து பழைய கார் சங்கத்துக்காரர்கள் மஸ்டாங்குகளில் வந்தார்கள். அதில் ஒருவர் இம்பாலாவின் இறக்கையைத் தடவிக் கண்கலங்கினார். நானும் துணைக்குக் கலங்கினேன். அப்புறம் டேப் எடுத்து அளந்து, கம்பெனி போட்ட நீளம் இது இல்லை, அணிவகுப்பில் சேர்க்க முடியாது, வேண்டுமானால் ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள் மேடம் என்றார்கள். மறுபடி அளக்க டேப் போதாமல் போயிற்று.

இதற்கிடையில் நான் ஒரே கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எதுக்கும்மா இந்தக் கார்? முதல் வருஷம், "மேல நெல்லு காயப் போடலாம்" என்றாள். அடுத்த வருஷம், "உள்ள கொசு வராது". ஒரு தடவை, "உன் சொவத்த இடிக்கத்தான் வாங்கனேன், நீ இன்னா இப்ப?" புருஷன் நினைவு என்று சிலர் சொன்னார்கள், அந்தாள் சைக்கிளுக்கு மேல் ஆசைப்பட்டதில்லை. டிக்கியில் தங்கம் இருக்கிறது என்றார்கள்; டிக்கியில் ஆடு குட்டி போட்டிருந்தது. நானாகவே ஏழெட்டுக் காரணம் கட்டி அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இல்லை என்றாள்.

அப்புறம் மோகனின் மகள் கீதாவுக்குப் பழையசீவரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பாலாற்றுக்கு இந்தப் பக்கம், நம் கரையில், திருமுக்கூடல் கோயில் மண்டபத்தில் கார்த்திகை முகூர்த்தம். மோகன் அக்காவிடம் வந்து, சம்பந்தி வீட்டார் சிரிக்கிறார்கள், காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வருவதானால் கல்யாணத்துக்கு வா என்றான். "கீதா நான் பெத்துக்காத கொயந்தைடா, அவ கல்யாணத்துக்கு எனக்கே கண்டிசனா?" என்று கேட்டவள், ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். பாஞ்சாலி எதற்காவது ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தாலி ஏறிய கையோடு அங்கேயே வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்று, கேஸ் கட்டரும் சிலிண்டருமாகக் காயலான் கடை வீராசாமி விடிகாலையிலேயே மண்டபத்து வாசலில் வந்து, டிபனும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தான். பாஞ்சாலி காரைக் கடைசித் தடவையாக ஓட்டிக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் அவளுக்குச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

பாலாறு அந்த வாரம் இரண்டு கரையும் முட்டிப் போய்க்கொண்டிருந்தது. பாலம் அப்படியே நின்றது, ஆனால் பாலத்தையும் நம் கரையையும் சேர்க்கிற மண் ரோட்டை அன்று காலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் பாலத்தின் நுனியில் வந்து நின்றார்கள். நடுவில் பழுப்புத் தண்ணீர், படகு நிற்காத வேகம். சுற்றிக்கொண்டு வந்தால் முகூர்த்தம் போய்விடும். போனால் போகட்டும் என்று விடுகிற குடும்பம் இல்லை இரண்டும். கீதா மணக்கோலத்தில் கரையில் வந்து நின்று, "அத்த, எதனா பண்ணேன்" என்றாள். பாஞ்சாலி புடவையைச் செருகிக்கொண்டு காரைக் கொண்டுவந்து, அறுந்த ரோட்டின் விளிம்பில் முன்சக்கரம் தொங்கத் தொங்க நிறுத்தினாள். "மாஸ்டரு, சொல்லு" என்றாள். எனக்குப் புரிந்தது. ஓரமா போ, என்றேன். கார் அசையவில்லை. கத்தினேன். அதட்டினேன். சாம்சன் சொன்னார், நாதஸ்வரக்காரர் சொன்னார். ஒருத்தருக்கும் அப்போது மனதில் அது இல்லை. "இத்தினி வருசம் நல்லா சொன்னீங்களேடா, இன்னிக்கி இன்னா ஆச்சி ஒங்குளுக்கு?" என்று பாஞ்சாலி திட்டினாள்.

அந்நேரம் பார்த்து மோகன் ஓடிவந்தான். நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. மாப்பிள்ளை எதிர்க்கரையில் வந்து நிற்கிற நேரத்தில், எதிரே தன் அக்கா நடுநாயகமாக உட்கார்ந்திருப்பது மட்டும்தான் அவன் கண்ணில் பட்டது. "நல்ல காரியத்துல நீ ஏன்க்கா குறுக்க வந்து குந்திக்கினு கீற? ஓரமா போயேன்!" என்றான். அடிவயிற்றிலிருந்து சொன்னான். பாஞ்சாலி ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்சக்கரம் கரையில் நின்றது நின்றபடி இருக்க, இம்பாலா தண்ணீருக்கு மேலே நீண்டு நீண்டு போய், முன்சக்கரம் பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

மாப்பிள்ளை வீட்டார் முன் கதவில் ஏறி, வரிசையாகச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நடந்து வந்து, பின் கதவில் இறங்கினார்கள். சீர்த்தட்டு வந்தது, ஐயர் வந்தார், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சம்பந்தியம்மாள் வந்தாள். ஸ்டீரிங் நடுவில் இருந்ததால் ஒவ்வொருவரும் பாஞ்சாலியைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அவள் நகரவில்லை. "ஓரமா போங்க, ஓரமா போங்க" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளைக்கும்கூட. தாலி ஏறும் வரை பொறுக்காமல் வீராசாமி கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு வந்து, "அண்ணே, எந்தப் பக்கம் ஆரம்பிக்கட்டும்?" என்று மோகனைக் கேட்டான். "டேய் பேமானி, உள்ள வர்றது என் சம்பந்திடா!" என்று மோகன் அலறியதில் நெருப்பு தானாகவே அணைந்தது. அதற்குப் பிறகு யாரும் கட்டரைப் பற்றிப் பேசவில்லை. பாஞ்சாலி மண்டபத்துக்குள் போய் ஜமக்காளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தாலி ஏறியது. அவள் முகத்தில் முழித்த மாப்பிள்ளைக்கு இப்போது இரட்டைக் குழந்தைகள், இரண்டும் குண்டு.

ரோட்டைச் சரிசெய்ய ஒரு பங்குனி போய் அடுத்த பங்குனி வரை ஆனது. அதுவரை இரண்டு கரைச் சனமும் காருக்குள் நடந்துதான் போய்வந்தது. பால்காரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்று காரின் வாசலில் ஒரு பலகை நட்டார்கள். போன வாரம் புது ரோடு திறந்தார்கள். காரைப் பின்னால் எடுத்து வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும், வால் பக்கம் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று பாஞ்சாலி எனக்குத்தான் சொல்லி அனுப்பினாள். ஊரில் வேறு ஆளே இல்லாத மாதிரி.

வால் முனையிலிருந்து ஸ்டீரிங் வரைக்கும் நடந்துபோய்ச் சன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, இந்த ஒரு தடவையாவது சொல்லிவிடும்மா, எதுக்குத்தான் இந்தக் கார் என்று கேட்டேன். நெல்லைச் சொல்வாள், கொசுவைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"ஓட்டினா நல்லா கீது மாஸ்டரு. எனக்குப் புடிச்சிகீது. வேற ஒண்ணும் இல்ல."

நான் திரும்ப வால் வரைக்கும் நடந்து போனேன். பின்னால் சுவர் எதுவும் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, இரண்டு தட்டுத் தட்டினேன்.